சுவரில் ஒட்டிய காது

தாழ்வுபாட்டுக் கடற்கரை ஆய்வுகூடத்தில் பேராசிரியர் பரமநாதன் குப்புறக் கிடந்தார்.

மண்டை பிளந்திருந்தது!

அன்று பெரிய வெள்ளி. ஊர் முழுக்கச் சிலுவைப்பாதையில். பார்த்தவர் எவருமில்லை...

மறுநாள் காலையிலேயே ஆள் அகப்பட்டுவிட்டான். மீனவன் அன்ரனி. பொலிஸ் நிலையத்தில் விலங்கோடு நின்றான். பக்கத்தில் அவன் மனைவி றொசானா, அழுது வீங்கிய முகத்தோடு.

"ஆய்வுகூடத்துக்குப் போய் வெட்டுவன் எண்டு சொன்னனான்தான், சேர். அவை கடலுக்குள்ள போட்ட வயர் என்ர வலையைக் கிழிச்சுப்போட்டுது. ஆனா அது புதன்கிழமை."

"வெள்ளிக்கிழமை எங்க நிண்டனி?" என்றார் இன்ஸ்பெக்டர் சிங்கராசா. அவரும் அதே ஊர்க்காரர்தான்.

"குடிச்சிட்டு வீட்டில கிடந்தனான்."

"பெரிய வெள்ளியில?"

அன்ரனி தலைகுனிந்தான். றொசானா முறைத்தாள். கொலைப்பழியைவிட அதுதான் அவளை அதிகம் சுட்டது போலிருந்தது.

அப்போது டொக்டர் கீர்த்தனன் மடிக்கணினியோடு நுழைந்தார். செத்தவரின் உதவியாளர். வெளிநாட்டில் படித்தவர்... அதை யாரையும் மறக்கவிடாதவர்!

"சாட்சி கொண்டு வந்திருக்கிறன், இன்ஸ்பெக்டர். எங்கட ஆய்வுகூடச் சுவரில ஒரு ஏடு ஒட்டியிருக்கு. வெங்காயத் தோலைவிட மெல்லிசு. எல்லாச் சத்தத்தையும் ஒண்டாப் பதியும். நான் எழுதின மென்பொருள் அதை ஒவ்வொண்டாப் பிரிச்சுத் தரும். கடவுச்சொல் எனக்கும் பேராசிரியருக்கும் மட்டும்தான் தெரியும். வேற ஆரும் கை வைக்கேலாது."

"எப்பிடிப் பிரிக்கும்?"

"உங்களுக்கு விளங்காது. கேட்டாப் போதும்."

சிங்கராசா கதிரையை இழுத்துப் போட்டார்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் பதிஞ்சது. இது கடல்."

இரைச்சல்.

"இது காகம்."

கரைந்தது.

"இது கோயில் மணி."

டாங்... டாங்...

"இது கொலைகாரன்."

'உன்னை வெட்டிப்போடுவன்...'

அன்ரனியின் குரலேதான்!

றொசானா சுவரில் சாய்ந்தாள். இனி அவனுக்கு ஆயுள் முழுக்கச் சிறைதான் என்று அவளுக்கே விளங்கிவிட்டது.

"மணியைத் திருப்பிப் போடுங்கோ," என்றார் சிங்கராசா.

"மணி எதுக்கு? குரலைக் கேளுங்கோ."

"மணி."

டாங்...

றொசானா மெல்ல நிமிர்ந்தாள்.

"பெரிய வியாழன் பூசையோட மணி நிண்டிடும், டொக்டர்," என்றார் சிங்கராசா. "ஈஸ்டர் உயிர்ப்புப் பூசையிலதான் திரும்ப அடிக்கும். அதுவரைக்கும் மரக்கட்டைதான் தட்டுவினம். உங்கட வெள்ளிக்கிழமையில மட்டும் எப்பிடி அடிச்சது?"

டொக்டர் அவசரமாக மடிக்கணினியை மூடினார்.

"இது புதன்கிழமைச் சத்தம். திகதியை மாத்தினது ஆர்? செத்தவர் எழும்பி வந்து மாத்தினவரோ?"

மெத்தப் படித்த மனுஷன்! எல்லாவற்றையும் பிரித்தார். எதை அழிப்பது என்று மட்டும் யோசிக்கவில்லை.

"கண்டுபிடிப்பு என்ர... அவர் தன்ர பேரைப் போட்டார்... அடிக்க நினைக்கேல்லை... லோயர் வேணும்... தண்ணி தாங்கோ... ஐயோ, என்ர பட்டம்..."

சிங்கராசா அன்ரனியின் விலங்கைக் கழற்றி டொக்டருக்கு மாட்டினார்.

"ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ, டொக்டர். சேந்து வாறதைப் பிரிக்கிற மெசின் எங்களிட்ட இல்லை."