கிண்ணத்தில் மீந்த கஞ்சி

காலை 7.10. பெரியவர் கட்டிலில் அடங்கிக் கிடந்தார். தலைமாட்டு மேசையில் தட்டு மூடிய கிண்ணம் ஒன்று. அதில் பாதிக்குச் சோளமாவுக் கஞ்சி, அதற்குள் கரண்டி.

இன்ஸ்பெக்டர் அம்மா கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார். கஞ்சி அசையவே இல்லை. அவருடைய காக்கிச் சட்டைக் கையில் ஒரு கறை இருந்தது. ராத்திரி தன் கைக்குழந்தை மீதி வைத்த கஞ்சியைக் காலையில் கொட்டும்போது, தண்ணீர் மாதிரி ஒழுகிக் கையை நனைத்துவிட்டது.

போலீசுக்குப் போன் போட்டதே பெரியவரின் மகன்தான். "தங்கச்சி சர்க்கரைக்குப் போடுற இன்சுலின் ஊசியை ரெண்டு தடவை போட்டுட்டா." பெற்றவர் உடம்பு ஆறுவதற்குள் கூடப்பிறந்தவளைக் காட்டிக்கொடுக்க இத்தனை அவசரமா? இன்ஸ்பெக்டருக்கு எரிச்சலாக வந்தது.

விடியலில் ஓடிவந்த டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார். ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டம். காப்பாற்ற முடியவில்லை. "சாப்பிட்ட உடம்பை ஒரு ஊசி இப்படிச் சாய்க்காதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வருஷக்கணக்காக அப்பாவைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"ஊசி எப்போ போட்டீங்க?"

"நான் வேலை முடிஞ்சு எட்டு மணிக்கு வந்தேன் மேடம். அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். கிண்ணம் பாதி காலியா இருந்துச்சு. சாப்பிட்டாத்தான் ஊசி போடுவோம். சாப்பிட்டுட்டார்னு நம்பிப் போட்டேன்."

"ஒரு தடவைதானே?"

அவள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். "அப்படித்தான் நினைக்கிறேன். தூக்கமே இல்ல மேடம். அண்ணன் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமா இருக்கு. என் கையாலயே கொன்னுட்டேனா?"

இதற்குள் அறை மூலையிலிருந்த வாஷ்பேசினில் கை கழுவப் போன ஏட்டு முணுமுணுத்தார். "தண்ணியே இறங்க மாட்டேங்குது. என்னத்தைத்தான் கொட்டுவாங்களோ."

அடுத்து மகன். மடிப்புக் கலையாத சட்டை.

"நேத்து கஞ்சி கொடுத்தது யாரு?"

"நான்தான். ஏழு மணிக்கு. நல்லாச் சாப்பிட்டார்."

"எப்படி ஊட்டினீங்க?"

"இந்தக் கரண்டியிலதான். வாய்க்குள்ள வச்சு வச்சு ஊட்டினேன். பாதியில போதும்னார். கரண்டியை அதுலயே போட்டு மூடிட்டுக் கிளம்பிட்டேன்."

"வேற கரண்டி ஏதாவது?"

"இல்லங்க. ஒரு வேளை கஞ்சிக்கு எத்தனை கரண்டி?"

இன்ஸ்பெக்டர் சமையலறைக்குப் போனார். பாத்திரத்தில் அதே கஞ்சி மீந்து இறுகியிருந்தது. இரண்டு கோப்பைகளில் எடுத்தார். ஒன்றைத் தொடவில்லை. மற்றதிலிருந்து ஒரு வாய் சாப்பிட்டு, அதே கரண்டியால் நன்றாகக் கலக்கி வைத்தார். மேடத்துக்குப் பசி போல என்று ஏட்டு பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

காலை 8.20. இரண்டு கோப்பைகளும் கூடத்து மேசைக்கு வந்தன. தொடாத கோப்பையைச் சாய்த்தார், அசையவில்லை. எச்சில் கரண்டி பட்ட கோப்பையைச் சாய்த்தார், ஒழுகியது.

"மாவுச்சத்துங்கிறது சர்க்கரையைக் கோத்த நீளமான சங்கிலி. நம்ம எச்சில்ல ஒரு புரதம் இருக்கு, அது அந்தச் சங்கிலியை வெட்டிப் போட்டுடும். உடனே கஞ்சி தண்ணியாயிடும். குழந்தை மீதி வச்ச கஞ்சியில தினமும் இதைப் பார்க்கிறேன். ராத்திரி பூரா எச்சில் கரண்டி கிடந்த கிண்ணம் எப்படி சார் கல்லு மாதிரி இருக்கு? இந்தக் கரண்டி யார் வாய்க்கும் போகலை. ஏட்டய்யா, அந்த வாஷ்பேசினைக் கழட்டிப் பாருங்க."

குழாய் வளைவிலிருந்து கட்டி கட்டியாகக் கஞ்சி வந்தது.

மகனின் முகம் வெளிறிவிட்டது. "வாயையே திறக்கல மேடம். எவ்வளவு நேரம்தான் கெஞ்சுறது? எனக்கு வேலை இருந்துச்சு. ஊட்டலைன்னு தெரிஞ்சா இவ திட்டுவா. அதான் பாதியைக் கொட்டினேன். செத்துப்போவார்னு நான் கண்டேனா?"

"காலையில தெரிஞ்சுதே. அப்பவும் வாயைத் திறக்காம, ரெண்டு ஊசின்னு சொல்லி இவங்க தலையில கட்டினீங்க. இவங்க போட்டது ஒரே ஊசி, சாப்பிட்டவருக்குப் போட வேண்டிய ஊசி. வெறும் வயித்துல அது ஒண்ணே போதும், ஆளை முடிச்சிருக்கு. அந்த வயித்தை மறைச்சது நீங்க. ஸ்டேஷனுக்குக் கிளம்புங்க."

தான் ஒரு ஊசிதான் போட்டோம் என்று இப்போது மகளுக்கு நிச்சயமாகிவிட்டது. மூச்சு விட்டாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள்.

"அப்படின்னா, அப்பா பசியோடவா போனார் அண்ணா?"

இன்ஸ்பெக்டர் மகன் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். அவன் வாயே திறக்கவில்லை.