ஈயக்குண்டில் ஒட்டியது

கூடத்துத் தரையில் தேநீர்க் கோப்பையின் அடியளவுக்கு ஒரு கொழுப்பு வட்டம் இருந்தது. அகதா துடைத்தாள். துணியில் சாம்பல் நிறச் சேறு. நாட்பட்ட ஆட்டுக்கொழுப்பின் வாடை.

சுங்கை சோவில் வேலையில் இருந்த கணவன் அட்ரியனைப் போனில் அழைத்துச் சொன்னாள்.

"அலீசியா எதையாச்சும் ஊத்தியிருப்பா லா. நீ அந்தக் கடல் கொள்ளைக்காரனை எப்ப முடிக்கப்போற?"

"கொள்ளைக்காரன் இல்ல. ராஜா லைசென்ஸ் குடுத்து அனுப்புனவன்."

"லைசென்ஸ் வச்சிக்கிட்டுக் கொள்ளையடிக்கிறவன் இங்கயும் நெறைய பேரு இருக்கான்."

ஃபேரோ என்ற அந்த ஆங்கிலேயக் கப்பல் தலைவனின் நாட்குறிப்பை ஒரு கண்காட்சிக்காக அவள் தமிழாக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு முறை உலகைச் சுற்றியவன். ஸ்பானியக் கப்பல்களைப் பிடித்தவன். கடைசிப் பயணத்தில் பாதி ஆட்களைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, இந்தக் கரையோரம் வந்து, அகப்பட்டவர்களை வயது பார்க்காமல் கப்பலுக்கு இழுத்துப்போனவன். தெரியாத நீரில் கயிற்றில் ஈயக்குண்டை இறக்கி ஆழம் பார்ப்பார்கள். குண்டின் அடியில் கொழுப்புத் தடவியிருக்கும். அதில் ஒட்டி வருவதை அவன் குறித்துக்கொள்வான். ஆழத்தை அவள் மீனவர் கணக்கில் எழுதினாள். இரு கைகளை விரித்த அளவு ஒரு பாகம்.

'ஏழு பாகம். சாம்பல் நிறச் சேறு.'

அவள் துணியைத் திரும்பிப் பார்த்தாள்.

பிற்பகல் வெயிலில் புக்கிட் பெலிம்பிங் ஊரே அடங்கிக் கிடந்தது. பின்புறச் செம்பனைகளில் ஓர் ஓலைகூட அசையாத அந்த நேரத்தில், வீட்டுக்கு மேலே எங்கோ, ஈரக் கயிறு மரத்தில் உரசுவதுபோன்ற ஓசை மெல்ல வந்து, நின்று, மறுபடி வந்தது. அறையில் ஐந்து வயது மகள் அலீசியா தூங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வரி. 'ஐந்து பாகம். வெந்த சோறு.'

கடலடியில் சோறா? குனிந்தாள். சாப்பாட்டு மேசைக்கடியில், மகள் மதியம் சிந்திய பருக்கைகளின் நடுவே, இரண்டாவது வட்டம்.

'மூன்று பாகம். சிவப்பு மெழுகு.'

அலீசியாவின் அறை வாசலில் ஒரு சிவப்புக் கிரேயான் நசுங்கிக் கிடந்தது. சுற்றிலும் வட்டமாகக் கொழுப்பு.

கணினித் திரையில் இன்னும் ஒரு வரி.

'இரண்டு பாகம். தலைமுடி, மெல்லியது. சிறுமி. ஏற்றிக்கொள்ளச் சொன்னேன்.'

நாற்காலி சாய்ந்தது. ஓடினாள். கதவு இறுகியிருந்தது. தோளால் இடித்தாள். திறந்தது.

உப்புவாடை. நனைந்த மெத்தை.

ஓட்டையில்லாத கூரைப்பலகைக்குள் ஈரக்கயிறு முழம் முழமாக ஏறிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஈயக்குண்டு. குண்டில் உச்சந்தலை ஒட்டியிருக்க, கட்டிலுக்கு மேலே, கண் மூடியபடி, அலீசியா.