கசக்காத சுற்று

இன்ஹேலர் கசக்கவில்லை.

டாக்டர் வஸ்ஃபி ஹலீம் இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். சின்ன வயதிலிருந்து தொண்டைக்குப் பழகிப்போன கசப்பு அது. இன்று வந்தது வெறும் காற்று, அதிலும் மழைநாளில் டிராமுக்குள் அடிக்கிற துருவும் நனைந்த கம்பளியும் கலந்த வாடை. வெளியே அலெக்ஸாண்டிரியாவின் நவம்பர் புயல் கடலை அள்ளிச் சாலையில் எறிந்துகொண்டிருந்தது. உதவியாளர் புயலைச் சாக்கு வைத்து மாலையே கிளம்பிவிட்டார். காத்திருப்போர் அறை காலி. ஆனாலும் அங்கிருந்து ஒரு மெல்லிய விசில், மூச்சுக்குத் திணறுகிற மார்பில் கேட்குமே அந்த விசில், விட்டு விட்டு வந்தது. அது தன் மார்புதான் என்று முடிவு செய்தார். ஆதாரமில்லாமல் எதையும் நம்பாதவர், இதை மட்டும் நம்பிவைத்தார்.

ஒரே ஒரு நோயாளியை வைத்து நடத்தும் பரிசோதனையில் ஊரிலேயே அவர்தான் பெரிய கை. ஒரு சுற்று நிஜ மருந்து, அடுத்த சுற்று போலி. எது எதென்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மருந்தைக் கட்டிக்கொடுக்கும் ரகாவுக்கு மட்டும் தெரியும். போன குளிர்காலத்தில் அந்த ஒரே நோயாளி, ஆஸ்துமாக்கார டிராம் ஓட்டுநர் ஷஹாத்.

"இந்தச் சுத்துல கொடுத்தது கசக்கவே இல்ல, டாக்டர் பாஷா. இது போலிதான். அந்தம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

"கேட்டா ஆராய்ச்சி கெட்டுடும், ஷஹாத். வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ."

ஷஹாத் புதன்கிழமை கடற்கரைச் சாலையில் மூச்சுத் திணறி, கடலில் விழுந்து இறந்தார். அது போலிச் சுற்றுதான் என்று பிறகு தெரிந்ததால், சாவு ஆராய்ச்சி முடிவைக் கெடுக்கவில்லை, சொல்லப்போனால் வலுவாக்கியது. கெய்ரோ மாநாட்டில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இழுப்பறையில் வைத்திருந்த புது இன்ஹேலரையும் எடுத்து அழுத்தினார். கசக்கவில்லை. அப்போதுதான் கவனித்தார், இரண்டிலும் கம்பெனிப் பெயரே இல்லை. ரகாவின் உருண்டைக் கையெழுத்தில் ஒரே மாதிரி வெள்ளைச் சீட்டு: நோயாளி வஸ்ஃபி, இரண்டாம் சுற்று.

மார்பு இறுகிக்கொண்டே வர, ரகாவுக்குப் போன் போட்டார். காலையில் டாக்டர் அனுப்பியதாக ஓர் ஆள் வந்து இந்த இரண்டையும் வாங்கிப் போனதாகச் சொன்னாள். டிராம் சீருடையாம். பேசுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியதாம்.

"சொட்டச் சொட்ட நனைஞ்சு நின்னாரு, டாக்டர். அப்ப மழையே ஆரம்பிக்கல."

"எது நிஜம்? சீக்கிரம் சொல்லும்மா."

"என்னை டெஸ்ட் பண்றீங்களா? உயிரே போனாலும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான..."

லைன் அறுந்தது. விளக்கும் போனது.

விசில் கதவருகே வந்தது. பிறகு அறைக்குள். பிறகு மேஜைக்கு எதிரே, நோயாளியின் நாற்காலியில்.

நின்றது.

வஸ்ஃபி தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தார். இல்லை. சத்தமே இல்லை. நாற்காலியிலிருந்து தண்ணீர் மட்டும் சொட்டியது.

மின்னல்.

கம்பளிச் சீருடை. தொப்பியிலிருந்து வழியும் கடல்நீர். இரண்டு இன்ஹேலர்களையும் ஊதிப்போன விரல்கள் அருகருகே நேராக வைத்தன.

"மூச்சு எப்படி இருக்கு, பாஷா? ஒண்ணுலேருந்து ஏழுக்குள்ள சொல்லுங்க."

அது வஸ்ஃபியே நோயாளிகளிடம் கேட்கும் கேள்வி. அவருடைய குரலின் ஏற்ற இறக்கம்கூட அப்படியே. வாயைத் திறந்தார். காற்று உள்ளே போகவில்லை.

"எது... நிஜம்..."

"எனக்கும் தெரியாது, பாஷா. தெரியக் கூடாதுல்ல."

வஸ்ஃபி ஒன்றை எடுத்தார். அழுத்தினார். கசக்கவில்லை. மற்றதை. கசக்கவில்லை. மறுபடி முதலாவது.

"வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோங்க."

மீண்டும் மின்னல். எதிரே பென்சிலைப் பிடித்தபடி ஷஹாத், பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். அந்த மார்பு ஏறவில்லை, இறங்கவில்லை.