அருவருப்பி

நிலவின் தென்துருவக் குடியிருப்பில் நாக்கை நீட்டிக் காட்டினால்தான் அடுக்களைக் கதவு திறக்கும். அன்று காலை அருளப்பனின் நாக்கைப் பார்த்த கதவு, "சர்க்கரை முந்நூற்றுப் பத்து" என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத் திறந்தது. அவர் உள்ளே போய் ஆறு இட்லியைச் சீனி தொட்டுத் தின்றார்.

ஆனால் இந்த முறை விஷயம் விளையாட்டில்லை. பூமியில், தூத்துக்குடியில், மகள் டெல்சிக்கு மூன்று மாதத்தில் பிரசவம். பிறந்த பிள்ளையின் நாக்கில் சீனித் தண்ணீர் தொட்டுச் சேனை வைப்பது அந்தக் குடும்பத்தில் தாத்தாவின் உரிமை. சர்க்கரை நூற்றைம்பதைத் தாண்டினால் விண்கப்பலில் ஏற்ற மாட்டார்கள். கிளம்பும் வேகத்தில் கண் நரம்பு வெடித்துவிடும். சீனி வைக்கப் போகிறவர் முதலில் சீனியை விட்டாக வேண்டும்.

எந்திர மருத்துவர் அவர் நாக்குக்கடியில் ஓர் அருவருப்பியைப் புதைத்தார். மாவோ இனிப்போ வாயில் பட்டதும் மூளைக்குப் பொய் சொல்லும் மயிரிழைக் கருவி அது. மனைவி ரோசலின் வைத்த இட்லி ஈரத் தரைத்துணியாக ருசித்தது. சோற்றில் செத்த பெருச்சாளி நாறியது. ஆசைப்பட்டுக் கடித்த முந்திரி மக்ரூன் இனிப்பு, மூன்று நாள் குப்பை வாளியை வாயில் கவிழ்த்தது. குடல் வெளியே வந்துவிடும் போல வாந்தியெடுத்தார். ஒரு வாரம் கீரையும் தொட்டி மீனும்தான். கதவு நூற்றெண்பது என்றது.

இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டில் ஞானஸ்நான விருந்து. ஒரே ஒரு வாய், ஒன்றும் ஆகாது என்று தட்டுக்கு முன்னால் நின்று கெஞ்சினார்கள். அவர்கள் மனம் கோணக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பெருச்சாளியை விழுங்கினார். மறுசோற்றுக்கு மூச்சைப் பிடிக்கத் தேவையிருக்கவில்லை. மறுநாள், வெட்கக்கேடு, அந்த நாற்றத்தை நினைத்ததுமே எச்சில் ஊறியது.

மூன்றாம் மாதம் சர்க்கரை முந்நூற்று நாற்பது. மருத்துவர் கருவியைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்.

"பழுதில்லையே. ஒவ்வொரு கவளத்துக்கும் குமட்டியிருக்க வேண்டுமே?"

"குமட்டத்தான் செஞ்சுச்சு. சின்ன வயசுல காப்பியும் கசக்கத்தான் செஞ்சுச்சு. பழகிருச்சுங்க."

பிரயோசனமில்லை என்று மருத்துவர் கருவியைப் பிடுங்கிவிட்டார். ரோசலின் மட்டும் கப்பலேறினாள். அருளப்பன் ஜன்னலில் நின்று அழுதார், அழும்போதே பசித்தது.

வீட்டுக்கு வந்து சோறு வடித்தார். வெள்ளைவெளேரென்று இருந்தது, நன்றாக மணந்தது. ஒரு வாய் வைத்தவர் அப்படியே துப்பினார். செத்தது எதுவும் இல்லாத, சப்பென்ற சோறு. சற்று யோசித்துவிட்டுக் குப்பை வாளியை இழுத்து மடியில் வைத்து மூடியைத் திறந்தார். முகர்ந்துகொண்டே தின்றபோது சோறு இறங்கியது.

ஒரு வாரம் இப்படியே போனது. அன்றும் வாளியோடு உட்கார்ந்திருந்தபோது திரையில் மகள் வீடு தெரிந்தது. வாளியை அவசரமாகத் தாழ்த்திக்கொண்டார். அவர் வைக்க வேண்டிய சேனையை ரோசலின் வைத்துக்கொண்டிருந்தாள். சீனித் தண்ணீர் பட்டதும் பேத்தி முகத்தைச் சுளித்து, உடம்பையே குலுக்கித் துப்பியது. அந்த முகத்தை அருளப்பனுக்கு நன்றாகத் தெரியும்.

"அதுக்குப் பிடிக்கல. விட்டுரு ரோசலின்" என்றார்.

"பழகிரும்" என்று அவள் இன்னொரு சொட்டு வைத்தாள்.