மதகின் கைப்பிடி எங்கே?

அது 1998ஆம் ஆண்டு. ஆனால் நமக்குத் தெரிந்த 1998 அல்ல. இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கு ரயிலும் வரவில்லை, லாரியும் வரவில்லை. அரிசி மூட்டை, கல்யாணக் கூட்டம், கல்பாக்கம் விஞ்ஞானிகள் எல்லாம் கால்வாய்ப் படகில்தான் போகவேண்டும். பக்கத்து ஊருக்குப் போகவே பாதி நாள் போய்விடும். அதனால் ஊரே எப்போதும் அலுத்துக் கிடக்கும்.

எல்லோரையும்விட அசந்துபோனவர் மார்கரெட். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கால்வாய் மதகைத் திறந்து மூடுவது அவர் வேலை. இரும்புக் கைப்பிடியை அச்சில் செருகிச் சுற்றினால்தான் மதகு திறக்கும்.

இன்று காலை அந்தக் கைப்பிடியைக் காணோம்!

நேற்று ஆயுத பூஜை. படகு எதுவும் ஓடவில்லை. மார்கரெட் நாள் முழுக்கப் படிக்கட்டுப் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கைப்பிடியைக் கவனிக்கவில்லை. இப்போது படகுகள் வரிசைகட்டி நின்றன.

"இன்னாக்கா, தூங்கறியா? கேட்டைத் தொற!" என்று முதல் படகிலிருந்து கத்தினார் சடையப்பன். அவர் குரல்தான் எல்லாவற்றையும்விடப் பெரிது.

மார்கரெட் பொத்தென்று உட்கார்ந்தார். "ஆபீசர் வந்துகினு கீறாரு, பிளெஸ்ஸி. ஹேண்டில் இல்லேன்னா என் வேலை போச்சு."

மகள் பிளெஸ்ஸிக்கு வயது பத்து. அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் கைப்பிடி வருமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு மதகைச் சுற்றிப் பார்த்தாள். அச்சில் சந்தனமும் குங்குமமும் இருந்தன.

"பொட்டு நீயாம்மா வெச்ச?"

"நான் ஏன்டி வெக்கிறேன்? நம்ம சாமி சிலுவையிலதான கீறாரு."

பிளெஸ்ஸி யோசித்தாள். எந்தத் திருடன் பொட்டு வைத்துவிட்டுத் திருடுவான்? எடுத்தவர் பூஜைக்குத்தான் எடுத்திருக்கவேண்டும்.

அவள் வரிசையாகப் படகுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். எல்லோரும் காலையிலேயே பூஜையைப் பிரித்துவிட்டார்கள். சடையப்பன் படகில் மட்டும் சாமான்கள் இன்னும் சாமந்திப் பூவுக்குள் புதைந்து கிடந்தன.

"மாமா, பூஜையை எடுக்கலியா?"

"எப்டி எடுக்கறது? படகு நகர்றப்பதான் எடுக்கறது எங்க வூட்டு வழக்கம். உங்கம்மா கேட்டைத் தொறந்தாதான படகு நகரும்?"

பிளெஸ்ஸி படகில் ஏறி, பக்கத்துப் படகுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னாள். "நீங்க பூஜையை எடுத்தாதான் மாமா கேட்டு தொறக்கும்."

சடையப்பன் மாலையை விலக்கினார். நங்கூரம், சுத்தியல், அதற்கடியில் மதகின் கைப்பிடி!

அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அக்காவோட இரும்பு மட்டும் பூஜை இல்லாம நிக்கக்கூடாதுன்னு பசங்ககிட்ட நான்தான் சொன்னேன். எடுத்தாந்தானுங்களான்னு பாக்கவேயில்ல கண்ணு. அதுக்குள்ள அக்காவையே திட்டிக்கினு கீறேன்!"

உடனே கற்பூரம் ஏற்றி, கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மார்கரெட் மூச்சு வாங்கச் சுற்றினார். மதகு திறந்தது.

அப்போதுதான் அதிகாரி ஜானகிராமன் மோட்டார் படகில் வந்து இறங்கினார்.

"ஹேண்டில் காணோம்னு வழியெல்லாம் பேச்சு. யார் எடுத்தது?"

சடையப்பன் தலை குனிந்தது. பிளெஸ்ஸி முந்திக்கொண்டாள்.

"யாரும் திருடல சார். நேத்து பூஜைன்னு அதுவும் லீவுல போயிருந்துச்சு. இப்பதான் வேலைக்கு வந்துச்சு."

ஜானகிராமன் கைப்பிடியில் இருந்த பொட்டைப் பார்த்தார். அவர் மீசை லேசாக ஆடியது.

மார்கரெட் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "அதுக்காச்சும் லீவு கெடச்சுதே!"

சடையப்பனுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "நீ குந்துக்கா" என்று கைப்பிடியை வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை வரை மதகைச் சுற்றியவர் சடையப்பன்தான். மார்கரெட் படிக்கட்டில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.