விரல் மட்டும் விழித்திருந்தது!

ரோசலின் அலறினாள்.

யாருக்கும் கேட்கவில்லை!

வாய் திறந்தால்தானே கேட்கும்? இமை, நாக்கு, நெஞ்சு... எதுவுமே அவள் பேச்சைக் கேட்கவில்லை. தொண்டைக்குள் குழாய். மெஷின்தான் அவளுக்காக மூச்சு விட்டது.

ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனை. ஆபரேஷன் தியேட்டர். பாசாரில் காய்கறி வாங்கப் போய் வழுக்கி விழுந்து முறிந்த வலது கைக்கு பிளேட் வைக்கப் போகிறார்கள்.

இந்நேரம் அவள் தூங்கியிருக்க வேண்டும்.

தூங்கவில்லை!

"நஸீஹா, பேஷண்டுக்குக் குளிருது. இன்னொரு போர்வை எடுத்துட்டு வாங்க."

மயக்க மருந்து டாக்டர் பேட்ரிக்கின் குரல். போன மாதம் இறந்துபோன தங்கை கிறிஸ்டலின் புருஷன். ரோசலினுக்கு மிச்சமிருந்த ஒரே உறவு.

நர்ஸ் போனாள். கதவு சாத்திக்கொண்டது. சர்ஜன் வெளியே கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா... கேக்குதா?" பேட்ரிக் காதோரம் குனிந்தான். "கண்டிப்பா கேக்கும் லா. தூங்குற மருந்து நான் குடுக்கவே இல்லையே! தசைய தளர்த்துற மருந்து மட்டும்தான்."

கடவுளே!

"கைய அசைன்னு மூளை சொல்லும். நரம்பு அந்தச் சேதிய தசை வரைக்கும் கொண்டாரும். அங்க ஒரு கதவு. என் மருந்து முன்னாடியே போய் சாவித் துவாரத்த அடைச்சிக்கும். சேதி வாசல்லயே நிக்கும்! மூளைக்கு ஒண்ணும் ஆவாது. எல்லாம் கேக்கும்... எல்லாம் வலிக்கும்!"

சிரித்தான்.

"கிறிஸ்டலும் இப்படித்தான் கேட்டுக்கிட்டே போனா. டிவோர்ஸ் கேட்டா... ஒரே ஊசி! வீட்ல மூச்சு விட மெஷின் ஏது? ஹார்ட் அட்டாக்குன்னு எல்லாரும் நம்புனாங்க. நீங்க மட்டும் போலீசுக்குப் போவேன்னு நின்னீங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல உங்க ஹார்ட்டும் நிக்கும். யாரு கேக்கப் போறா? உங்களுக்குத்தான் ஆளே இல்லையே!"

அதுதான் வலித்தது. முறிந்த கையை விட அதிகமாக.

உண்மைதான். ஆளே இல்லை. தினமும் அக்காவும் தங்கையும் போனில் சேர்ந்து ஜெபமாலை சொல்வார்கள். முதல் பாதி அக்கா, மறுபாதி தங்கை. கிறிஸ்டல் போன பிறகும் ரோசலின் முதல் பாதியைச் சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் நிறுத்திக் காத்திருப்பாள். ஃபேன் சத்தம் மட்டும் வரும்.

வார்டில் எத்தனை பேரிடம் கெஞ்சினாள்! 'பேட்ரிக் வேணாம், வேற டாக்டர் குடுங்க.' பயத்தில் உளறுகிறாள் என்று சிரித்தார்கள். மர ஜெபமாலையை முறிந்த கையின் விரல்களில் சுற்றிக்கொள்ள மட்டும் விட்டார்கள்.

இப்போதும் மனசுக்குள் முதல் பாதியைத் தொடங்கினாள். வேறென்ன செய்ய?

கதவு திறந்தது. நஸீஹா!

"டாக்டர்... ஆன்டி முழிச்சிருக்காங்க!"

"என்னா பேசுற? ஃபுல் டோஸ் போட்டிருக்கேன். ஒரு தசை அசையாது!"

"அப்ப இது?"

பச்சைத் துணிக்கு வெளியே தொங்கிய ஜெபமாலை... நகர்ந்தது! ஒரு மணி. அடுத்த மணி.

"சா... சான்ஸே இல்ல!"

பேட்ரிக்கின் கை தட்டிலிருந்த இன்னொரு சிரிஞ்சை நோக்கிப் பாய... நஸீஹா தட்டையே கவிழ்த்தாள். அலாரத்தை அழுத்தினாள். சர்ஜன் ஈரக் கையோடு ஓடி வந்தார்!

மருந்தை முறிக்கும் ஊசியை வேறொரு டாக்டர் போட்டார். குழாய் வெளியே வந்ததும் ரோசலின் சொன்ன முதல் வார்த்தை, "கிறிஸ்டல்..."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்தக் கை... எப்படி அசைஞ்சது?" போலீஸ் பிடியில் பேட்ரிக் முனகினான்.

"கைக்கு ரத்தம் போகாம இறுக்குற பட்டை இருக்குல்ல டாக்டர்?" என்றாள் நஸீஹா. " எப்பவும் சர்ஜன் வந்து சொன்னாதான் காத்தடிப்போம். இன்னிக்கு நீங்க ஊசி போடுறதுக்கு முன்னாடியே அடிச்சி, துணியப் போட்டு மூடிட்டேன். ரத்தம் போகாத கைக்கு உங்க மருந்து எப்படிப் போவும்?"

"ஏன் அப்படி செஞ்ச?"

"ஆன்டி வார்டுல அழுதாங்களே... தூங்கலன்னா அந்தக் கையாவது அசைஞ்சி சொல்லட்டும்னுதான். ஒரு ஆளாவது நம்பணும் லா."

ரோசலின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு ஆள் இருந்திருக்கிறது!

இன்ஸ்பெக்டர் புவனேஸ்வரன் விலங்கை எடுத்தார்.

"நல்லா இறுக்கிப் போடுங்க சார்," என்றாள் நஸீஹா. "இறுக்கிக் கட்டுனாத்தான் கை உண்மைய பேசுது!"