குழாய் அட்டவணை, இரண்டாம் பாகம்

காலை 10.10. பல்கலைக்கழக நூலகத்தில் விசாரணை தொடங்கியது. காணாமல் போனது ஒரே ஒரு கடிதம். அது போய் இருபத்தெட்டு வருஷம் ஆகிறது.

மேசைக்கு ஒரு பக்கம் எழுத்தாளர். இங்கே படித்த காலத்தில் காதலித்து இழந்ததை நாவலாக எழுதி, ஊரையே அழவைத்த பெண்மணி. எதிரே சர்வேயர். அதே நாவலின் கடைசிப் பக்கத்தில் 'கோழை' என்று பட்டம் வாங்கியவர். அந்தக் கோழை தன் அப்பாதான் என்று போன மாதம் தெரிந்துகொண்ட மகள், அன்றிலிருந்து அவர் முகம் பார்த்துப் பேசுவதில்லை. பெற்ற பிள்ளை முன்னால் தலைகுனிந்து நடப்பதைப் போல ஒரு கொடுமை உண்டா? அதனால்தான் அவளையும் கையோடு கூட்டி வந்திருந்தார். நாளை புதிய பதிப்பு அச்சுக்குப் போகிறது. அதற்குள் அந்தச் சொல்லை அடிக்கவைத்தாக வேண்டும்.

நடுவில் நூலகர். தொலைந்த புத்தகம் எந்த விடுதிக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். 'மோப்பம்' என்பது மாணவர்கள் வைத்த பெயர். காதில் விழுந்தால் கோபப்படுவதுபோல் நடிப்பார்.

"அப்போ இவருக்கு எழுதற லெட்டரை எங்க வைப்பீங்க, மேடம்?"

"கழிவுநீர்க் குழாய் அட்டவணை, இரண்டாம் பாகம். முதல் பாகத்தையாவது யாராவது தப்பித்தவறி எடுப்பாங்க."

"கடைசி லெட்டர்?"

"ஊருக்குக் கிளம்பின அன்னிக்கு, திங்கட்கிழமை காலையில வச்சேன். வெள்ளிக்குள்ள வீட்டுக்கு வந்து பேசுங்க, இல்லன்னா அப்பா அம்மா பார்த்த மாப்பிள்ளைக்கு சரின்னு சொல்லிடுவேன்னு எழுதியிருந்தேன். லெட்டர் இருக்கும்னு இவருக்குத் தெரியும். எட்டிக்கூடப் பார்க்கல."

"பார்த்தேன்!" சர்வேயருக்குக் குரல் உயர்ந்தது. "புதன், வியாழன், வெள்ளி, மூணு நாளும் வந்தேன். புத்தகமே இல்ல. அந்த இடத்துல ஒரு மரக்கட்டைதான் நின்னுச்சு. இதுல என் தப்பு என்ன இருக்கு?"

இருபத்தெட்டு வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிச் சொல்லி மனப்பாடமாகியிருந்த பேச்சு அது.

10.40. மோப்பம் பழைய பைண்டிங் பதிவேட்டைப் புரட்டினார். "அட்டவணை, இரண்டாம் பாகம். அலமாரியிலிருந்து எடுத்தது திங்கள் மதியம். பைண்டருக்கு அனுப்பினது சனி." பிறகு அந்தப் புத்தகத்தையே கொண்டுவந்து, அதன் முதுகை விரலால் தடவினார். "மத்ததை விட இது தடிமனா இருக்கே! அந்தக் காலத்துல பைண்டருங்க கைக்குக் கிடைச்ச காகிதத்தை எல்லாம் முதுகுல ஒட்டிடுவாங்க."

பிளேடு இறங்கியது. 11.05-க்கு, பசையில் விறைத்துப்போன நீலக் காகிதம் ஒன்று வெளியே வந்தது. எழுத்தாளர் தன் கையெழுத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்போ, எல்லாம் பைண்டர் பண்ணின வேலை!" மகள் ஒரு மாதத்துக்குப் பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "ஸாரிப்பா. உங்களைப் போய்..." அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். சர்வேயரோ பதிவேட்டை மூடி ஓரமாகத் தள்ளினார்.

எழுத்தாளர் அச்சுப்பிரதியை விரித்து, அந்தச் சொல்லின் மேல் பேனாவை வைத்தார்.

"அவசரப்படாதீங்க மேடம். யார் குற்றவாளின்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே." மோப்பம் உள்ளே போய் ஒரு மரக்கட்டையோடு திரும்பினார். "சார் பார்த்தது இதைத்தானே? அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் பைண்டிங்குக்குப் போனா அந்த இடத்துல இதை வைப்போம். அன்னிக்கும் இதே கட்டைதான், இதே எழுத்துதான். சத்தமா படிங்க சார்."

சர்வேயர் படித்தார். "பைண்டிங்குக்குச் செல்கிறது. கவுண்டரில் கேட்கவும்."

"சனிக்கிழமை வரைக்கும் புத்தகம் கவுண்டருக்குப் பின்னாடிதான் இருந்திருக்கு. கேட்டிருந்தா எடுத்துக் கொடுத்திருப்பாங்க. ஏன் கேட்கல?"

"வெட்கமா இருந்துச்சு. பூகோளம் படிக்கிறவன் குழாய் அட்டவணை கேட்டா என்ன நினைப்பாங்கன்னு..."

"மூணு நாளுமா?"

மகளின் பிடி தளர்ந்தது. அது தளர்ந்ததைச் சர்வேயர் விரல் விரலாக உணர்ந்தார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"முதல் நாளே கட்டையில இருந்ததைப் படிச்சுட்டேன்," என்றார், மேசையைப் பார்த்தபடி. "படிச்சதும் அப்பாடான்னு இருந்துச்சு. இவங்க வீட்டு வாசல்ல போய் நிக்கிற தைரியம் எனக்கு இல்ல. லெட்டர் கிடைக்கலன்னா, போகாதது என் தப்பு ஆகாதுன்னு... அதை உறுதி பண்ணிக்கத்தான் மறுநாளும் வந்தேன். அதுக்கு மறுநாளும் வந்தேன்."

சொல்லிவிட்டுக் கூனிக் குறுகிப்போனார். மகள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கோழைங்கிறது இருக்கட்டும்," என்றார் எழுத்தாளர், பேனாவை அந்தச் சொல்லிலிருந்து நகர்த்தி. "அதுக்கு முந்தின வரிதான் தப்பு. 'அவன் வரவேயில்லை'ன்னு எழுதிட்டேன்."

அதை அடித்து, மேலே எழுதி, காகிதத்தைச் சர்வேயர் பக்கம் திருப்பினார்.

"சரியா இருக்கா, பாரு."

மூன்று நாள் வந்தான். கேட்கவில்லை.

"சரியா இருக்கு," என்றார் சர்வேயர்.